உயிர் தப்பியதற்கு நன்றி சொல்ல மாட்டோம்

விசுவமடு. 2009 தை மாதம், கடைசிக் கிழமை. செவ்வாய். காலை எட்டே கால்.

முதலில் ஷெல் குத்துகிற சத்தம். தூரத்தில், மேற்கே. டும். பிறகு ஒன்றுமில்லை. ஏழு வரை எண்ணலாம். எட்டில் கூவிக்கொண்டு வரும்.

"குத்திறான். படுங்கோ, படுங்கோ!"

என் கணவர் சிவராசாவின் குரல். நான் வீதியோரத்து வாய்க்காலுக்குள் குப்புற விழுகிறேன். எனக்குக் கீழே மகள் துளசி. ஒன்பது வயது. அவளுடைய பற்கள் என் தோளில் பதிகின்றன. நிலம் எங்களை ஒருமுறை தூக்கிப் போடுகிறது. மண் கொட்டுகிறது. காதுக்குள் ஒரே இரைச்சல். வேறு எதுவும் கேட்கவில்லை.

எழும்பி ஓடுகிறோம். எங்கள் உழவு இயந்திரம் வீதியில் நிற்கிறது. பின்பெட்டியில் மூன்று மூட்டை நெல், ஒரு தறப்பாள், சட்டி பானை, ஒரு கைத்தையல் மெசின். மெசின் பூமணியுடையது. பூமணி என் கணவரின் தங்கை. எனக்கு மச்சாள். என்னைவிட இரண்டு வயது இளையவர். வலது முழங்காலுக்குக் கீழே அவருக்குப் பொய்க்கால். ஓட முடியாது. நடந்து வருகிறார். எல்லோரும் ஓடுகிற வீதியில் ஒரு பெண் மட்டும் நடந்து வருகிறார். தலை நிமிர்ந்திருக்கிறது.

"கெதியா வா, பூமணி."

"வாறன். எனக்கு இதுதான் கெதி."

இரண்டாவது ஷெல் எங்களுக்கு முன்னால் போன உழவு இயந்திரத்தின் பெட்டியில் விழுந்தது. அதில் இருந்தவர்களைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. அவர்களுடைய ஆட்கள் யாராவது மிஞ்சியிருந்தால், எழுதுகிற உரிமை அவர்களுடையது.

அன்று பின்னேரம் உடையார்கட்டில் ஒரு பாலை மரத்துக்குக் கீழே தறப்பாளைக் கட்டினோம். என் சட்டையில் யாருடைய இரத்தமோ காய்ந்திருந்தது. கழுவத் தண்ணீர் இல்லை. பொழுது சாய்ந்தது. பூமணி பொய்க்காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வழமை போலக் கேட்டார்.

"இண்டைக்கு ஆர், என்ன தந்தது?"

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

இந்தக் கேள்வியை நான் விளங்கப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் நான் எழுதப் போகிற மிச்சம் எதுவும் விளங்காது.

பூமணியின் கால் போனது சமாதான காலத்துக்கு முந்திய சண்டையில். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. ஆஸ்பத்திரி வார்ட்டில் இரண்டு மாதம் கிடந்தார். பார்க்க வந்த எல்லோரும் ஒரே கதைதான் சொன்னார்களாம். உயிர் தப்பினதே பெரிய காரியம், பிள்ளை. அதுக்கு நன்றி சொல்லு. பத்தாவது ஆளோ பதினோராவது ஆளோ அப்படிச் சொன்னபோது, பூமணி பிஸ்கட் பெட்டியைத் தூக்கி எறிந்திருக்கிறார்.

"என்ர காலைக் கொண்டு போனவங்கள் மிச்சத்தை விட்டிட்டுப் போட்டாங்கள் எண்டு நான் நன்றி சொல்லோணுமோ?"

அதன் பிறகு ஒருவரும் வந்து பார்க்கவில்லை. ஒரு நாள் வார்ட்டைக் கூட்டுகிற பெண் வந்தார். ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து, மூன்று கிழமை கழுவாத பூமணியின் தலையைக் கழுவிவிட்டார். அது அவருடைய வேலை இல்லை. யாரும் சொல்லிச் செய்யவும் இல்லை. பொழுதுபட்ட பிறகு பூமணி அந்தப் பெண்ணின் பெயரைத் தனக்குத்தானே சத்தமாகச் சொன்னார். வெந்நீர் என்றும் சொன்னார். கால் போன நாளிலிருந்து அன்றுதான் நித்திரை வந்தது என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாளும் யாராவது ஒருவரைத் தேடினார். அதற்கடுத்த நாளும்.

2002இல் சமாதானம் வந்து வீதி திறந்தது. பூமணி எங்களோடு வட்டக்கச்சிக்கு வந்தார். முன் அறையில் தையல் மெசினைப் போட்டார். பின்னேரத்தில் விளக்குக் கொளுத்துகிற நேரம் எங்கள் எல்லோரிடமும் கேட்கத் தொடங்கினார். இண்டைக்கு ஆர், என்ன தந்தது? அதற்குச் சட்டங்கள் வைத்திருந்தார். அன்றைய நாளில் நடந்ததாக இருக்க வேண்டும். தந்தவரைச் சொல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால் அடையாளம் சொல்ல வேண்டும். சாமியை இழுக்கக் கூடாது. "சாமி படலையைத் திறந்துகொண்டு வந்து தந்ததோ?" என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். உயிர் தப்பியதைச் சொல்லக் கூடாது.

"அது ஆரும் எங்களுக்குத் தந்ததில்லை. எங்கட சாமான். களவெடுக்க வந்தவன் விட்டிட்டுப் போனதுக்கு நன்றி சொல்லேலாது."

அந்த வருடங்களில் பதில் சொல்வது லேசு. இரணைமடுத் தண்ணீரைத் தன் முறையில் எங்கள் வயலுக்குத் திருப்பிவிட்ட பக்கத்து வயல்காரர். பஸ்ஸில் எழும்பி இடம் தந்த பள்ளிக்கூடப் பெட்டை. என் கணவர் ஒவ்வொரு நாளும் உழவு இயந்திரத்தைத்தான் சொல்வார். "இண்டைக்கும் ஒரு அடியில ஸ்ரார்ட் வந்தது, பூமணி." மெசின் ஆளில்லை என்று பூமணி சண்டைக்கு நிற்பார். துளசி சிரிப்பாள். நான் அதை ஒரு விளையாட்டாகத்தான் எடுத்தேன்.

2008 மார்கழியில் வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டோம். வயலில் நெல் குடலைப் பருவம், கதிர் இன்னும் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து நான் பதில் சொல்வதை நிறுத்தினேன். தருமபுரத்தில் சொல்லவில்லை. விசுவமடுவில் சொல்லவில்லை. உடையார்கட்டில் அந்தப் பாலை மரத்தடியில் பூமணி கேட்டபோது நான் கத்தினேன்.

"உனக்கு விசரோ? முன்னால போன சனம் முழுக்கச் செத்துப் போச்சு. ஆர் என்ன தந்ததெண்டு கேக்கிறாய்."

பூமணி கோபப்படவில்லை. "சொல்லாட்டி விடுங்கோ, மச்சாள்," என்றார். "நான் சொல்லுறன். விசுவமடுச் சந்தியில ஒரு ஐயா சைக்கிளை நிப்பாட்டி, என்ர பையை வாங்கிக் கொழுவிக்கொண்டு என்னோட நடந்து வந்தவர். சைக்கிள் இருந்தும் ஓடேல்லை. நீலச் சேட். ஒரு காது கேளாது அவருக்கு. அவர்தான் இண்டைக்கு."

நான் திரும்பிப் படுத்தேன். ஆனால் அந்த நீலச் சேட் என் கண்ணுக்குள் வந்தது. அன்று முழுவதும் நான் கண்டது ஷெல்லை மட்டும்தான். அதே வீதியில் அவர் ஒரு மனிதரையும் கண்டிருக்கிறார்.

மாசி மாதம். டீசல் முடிந்தது. இரணைப்பாலையில் உழவு இயந்திரத்தை விட்டோம். என் கணவர் திறப்பைத் திருகிக் கழற்றிச் சேட் பையில் போட்டுக்கொண்டார்.  அங்கிருந்து நடை. மாத்தளன்.

மாத்தளன் மணல். பங்கர் வெட்டினால் சரிந்து விழும். மரக்குற்றி இல்லை. உரப்பை இல்லை. சனம் சேலைகளை வெட்டிப் பை தைத்து மணல் நிரப்பி அடுக்கியது. பூமணியின் மெசினை நாங்கள் நெல்லையும் விட்டுவிட்டுச் சுமந்து வந்திருந்தோம். அவர் பனை வடலி நிழலில் இருந்து காலை முதல் பின்னேரம் வரை பை தைத்தார். யார் சேலை கொண்டுவந்தாலும் தைத்தார். காஞ்சிபுரம், நைலெக்ஸ், பருத்தி. நான் என் கல்யாணக் கூறைச் சேலையைக் கொடுத்தேன். மெரூன் நிறம், தங்கக் கரை. அதில் நான்கு பை வந்தது. பூமணி கத்தரிக்கோலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெட்டவோ, மச்சாள்?"

"வெட்டு."

அன்று எங்கள் பங்கர் வாசலில் இரண்டு முறை ஷெல் துண்டுகள் வந்து அடித்தன. சக் சக் என்று மணலுக்குள் போகிற சத்தம். பை கிழிந்தது. உள்ளே வரவில்லை.

சத்தங்களை நான் எழுதி வைக்க வேண்டும். பிறகு வருகிறவர்கள் இல்லை என்று சொல்லக் கூடாது. ஆட்டிலறி குத்தினால் எட்டு எண்ணலாம். மோட்டார் என்றால் நேரம் இல்லை. மல்ரிபரல் ரொக்கெட், பெரிய கதவுகளை வரிசையாக அடித்துச் சாத்துவது போல. கிபிர் விமானம் வந்து போன பிறகுதான் சத்தம் வரும். கொத்துக்குண்டு மேலே ஒருமுறை வெடித்து, பிறகு கீழே பொரி பொரிவது போலக் கேட்கும். மேலே எந்த நேரமும் வண்டு இரையும். ஆளில்லாத வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அது எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பார்க்கவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

பங்குனி. வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி. என் கணவர் தண்ணீர்க் கானோடு போனார். கஞ்சி ஊற்றுகிற கொட்டிலைத் தாண்டிக் கிணறு. நூறு யார் தூரம் இருக்கும்.

குத்துகிற சத்தம் கேட்கவில்லை. வெடித்த சத்தம் மட்டும்.

நான் ஓடிப்போனபோது அவர் உட்கார்ந்த மாதிரி இருந்தார். கான் கவிழவில்லை. என்னைக் கண்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவ்வளவுதான். கஞ்சிக்கு நின்ற வரிசையில் இன்னும் பலர். நான் அவர்களை எண்ணவில்லை. என் கண் ஒருவரைத்தான் பார்த்தது. அதற்காக மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

புதைக்க வேண்டும். எங்களிடம் மண்வெட்டி இல்லை. நான் தேங்காய்ச் சிரட்டையால் தோண்டத் தொடங்கினேன். பூமணி பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு, தவழ்ந்து வந்து, கைகளால் தோண்டினார். மணல் சரிந்து சரிந்து குழியை மூடியது. ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு மனிதர் பங்கருக்குள் இருந்து வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். கட்டம் போட்ட சாரம். மேலில் ஒன்றும் இல்லை. கையில் மண்வெட்டி. ஒன்றும் கேட்கவில்லை. தோண்டினார். இடுப்பளவு ஆழம். இரண்டு முறை குத்துகிற சத்தம் கேட்டது. இரண்டு முறையும் நாங்கள் குழிக்குள்ளேயே படுத்தோம். அவரும் படுத்தார். பிறகு எழும்பித் தோண்டினார். என் கணவரின் காலை நான் பிடித்தேன். தலைப்பக்கத்தை அவர் பிடித்தார். மூடி முடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "துண்டு துணி ஏதும் அடையாளம் கட்டுங்கோ, தங்கச்சி," என்று சொல்லிவிட்டுப் போனார். பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று பொழுது சாய்ந்தது. பங்கருக்குள் மூவர். பூமணி கேட்கவில்லை. தன் அண்ணனைப் புதைத்த கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தார். நகங்களுக்குள் மணல்.

துளசிதான் கேட்டாள். "மாமி, இண்டைக்கு ஆர் எண்டு கேக்கேல்லையோ?"

"இண்டைக்கு வேண்டாம், குஞ்சு."

மூன்று மாதம் வாய் திறக்காத நான் அப்போது திறந்தேன். ஏன் என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. பகல் முழுவதும் ஷெல் அடித்தவன் என் மனிதரைக் கொண்டுபோய்விட்டான். அந்த நாளையும் முழுதாக அவனுக்கே கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

"மண்வெட்டி கொண்டு வந்தவர்," என்றேன். "கட்டம் போட்ட சாரம். பேர் தெரியாது. இடுப்பளவுக்குத் தோண்டித் தந்தவர். நாய் கிளறாது."

பூமணி அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன். அழுது முடிய அவர் சொன்னார். "எனக்கும் அவர்தான், மச்சாள். ரெண்டு பேர் ஒருத்தரைச் சொல்லலாம். கூடாதெண்டு சட்டம் ஒண்டும் இல்லை."

அதன் பிறகு ஒரு நாளும் நான் விடவில்லை. இது ஆறுதல் என்று நினைக்க வேண்டாம். ஆறுதல் ஒன்றும் வரவில்லை. ஆனால் பின்னேரம் பதில் சொல்ல வேண்டும் என்றால் பகலில் தேட வேண்டும். தேடுகிறவளுக்குத் தலை நிமிர்ந்துதான் இருக்கும். ஒரு நாள் அரை மணித்தியாலம் அடுப்பு விட்டுத் தந்தவர். ஒரு நாள் துளசிக்கு ஒரு பிடி மா வறுத்துக் கொடுத்த கர்ப்பிணிப் பெண். ஒரு நாள் "அங்கால போகாதேங்கோ, வெடிக்காத குண்டு கிடக்கு" என்று கத்திய குரல். ஆளைக் காணவில்லை, குரலைத்தான் சொன்னேன். யாருக்கோ நானும் ஒரு பதிலாக இருக்க வேண்டும் என்று பிறகு ஆசை வந்தது. அடுத்த பங்கரில் காய்ச்சலாகக் கிடந்த தாய்க்கு நான் தண்ணீர் அள்ளிக் கொடுத்தது அந்த ஆசையில்தான். அதைப் பெரிய மனசு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சித்திரை. வருடப் பிறப்புக்கு அடுத்த திங்கட்கிழமை. விடியப்புறம்.

சனம் கடல்நீர்க் களப்பை நோக்கி ஓடுகிறது. நாங்களும். தண்ணீர் முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு நெஞ்சு. முன்னாலிருந்தும் துப்பாக்கிச் சன்னம் வருகிறது. பின்னாலிருந்தும் வருகிறது. தண்ணீரில் சிளிக் சிளிக் என்று விழுகிறது. பின்னாலிருந்து "போகாதேங்கோ" என்று கத்தியவர்கள் எங்கள் மொழியில்தான் கத்தினார்கள். இதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

பூமணியின் பொய்க்கால் சேற்றில் புதைந்துவிட்டது. இழுத்தார். வரவில்லை. பட்டியை அவிழ்த்துக் காலை அங்கேயே விட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் வந்தார். மெசின் அதற்கு முன்னமே போய்விட்டது. துளசி என் இடுப்பில் இருந்தாள். அவள் கத்தவில்லை. "அம்மா, கை சுடுகுது," என்று மட்டும் சொன்னாள். பார்த்தேன். இடது கை கிழிந்திருந்தது. சின்ன விரலும் அதற்கு அடுத்த விரலும் தோலில் தொங்கின.

அக்கரையில் ஆமி. துவக்குகள் எங்களைப் பார்த்தபடி. ஒரு சிப்பாய் ஓடி வந்தான். இருபது, இருபத்தொரு வயது. நாடியில், வாய்க்குக் கீழே, பழைய வெட்டுக்காயம். துளசியின் கையைப் பார்த்தான். தன் சட்டைப் பையில் இருந்த காயம் கட்டுகிற துணிச் சுருளை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழித்துக் கட்டினான்.  தன் தண்ணீர்ப் போத்தலை அவள் வாயில் வைத்தான். மிச்சத்தைப் பூமணியிடம் கொடுத்தான். ஏதோ சொன்னான். விளங்கவில்லை.

அன்று பின்னேரம், முட்கம்பிக்குள் இருந்த வெறும் தரையில், பூமணி கேட்டார். நான் துளசியின் கைக்கட்டைச் சரிசெய்யத் தொடங்கினேன்.

"தெரியும் ஆரெண்டு," என்றார் பூமணி. "சொல்லுங்கோ."

"ஆமிக்கு நான் சொல்லமாட்டன்."

"ஆமிக்குச் சொல்ல வேண்டாம். நாடியில காயம் இருக்கிற பெடியனுக்குச் சொல்லுங்கோ. தந்தவன் அவன். அவனை அனுப்பினவைக்கு நான் சொல்லச் சொல்லேல்லை."

நான் சொன்னேன். அதுவரை சொன்ன எல்லாவற்றிலும் தொண்டையை அதிகம் அறுத்தது அதுதான்.

செட்டிகுளம். முகாம். வைகாசி, இரண்டாம் கிழமை. துளசியின் கை வீங்கி மணக்கத் தொடங்கியிருந்தது. முகாமுக்குள் இருந்த வைத்திய நிலையத்தில் விழுங்க வெள்ளைக் குளிசை தந்தார்கள். வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதித் துண்டு வேண்டும். மூன்று நாள் வரிசையில் நின்றேன். நான்காம் நாள் காயப்பட்ட பிள்ளைகளோடு நின்ற தாய்மாரை ஒரு கொட்டிலுக்குக் கூப்பிட்டார்கள்.

கொட்டிலில் மேசை. மேசையில் அனுமதித் துண்டுகள். பக்கத்தில் ஒரு கமரா. மடிப்புக் கலையாத சேட்டோடு ஓர் அதிகாரி. மொழிபெயர்க்க ஒரு தமிழர். ஐம்பது வயது, மூக்குக்கண்ணாடியின் ஒரு கையை நூலால் கட்டியிருந்தார். ஒவ்வொரு தாயிடமும் ஒரு கடதாசியைக் காட்டினார்கள். அதில் எழுதியிருந்தது இது. எங்களை மீட்டு எங்கள் உயிரைக் காப்பாற்றியதற்குப் படையினருக்கு நன்றி. அதைக் கமராவுக்குச் சொல்ல வேண்டும். யாரும் மிரட்டவில்லை. மேசையில் துண்டு இருந்தது, பக்கத்தில் கமரா இருந்தது. அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் இரண்டு தாய்மார் சொன்னார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. யாரும் குறை சொல்லவும் விடமாட்டேன்.

பூமணி தடியை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். என் காதுக்குள் சொன்னார். "சொல்லுங்கோ, மச்சாள். பிள்ளையின்ர கைக்காகப் பொய் சொல்லலாம். பொய்க்குச் சட்டம் இல்லை."

சொல்லத்தான் போனேன். கடதாசியைக் கையில் எடுத்தேன். துளசி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்தளனில், அப்பாவைப் புதைத்த அன்று பின்னேரம், பங்கருக்குள் இருந்த அதே பார்வை. நான் கடதாசியை மேசையில் வைத்தேன்.

"என்ர பேர் வதனி. ஊர் வட்டக்கச்சி. மாத்தளனில என்ர மனுசனைப் புதைக்கக் குழி வெட்டித் தந்தவர் ஒருத்தர். பேர் தெரியாது. அவருக்கு நன்றி. களப்புக் கரையில என்ர பிள்ளையின்ர கையைக் கட்டினது ஒரு ஆமிப் பெடியன். நாடியில வெட்டுக்காயம். தன்ர தண்ணியைத் தந்தவன். அவனுக்கு நன்றி. நேற்று வரிசையில என்ர இடத்தைப் பிடிச்சு வைச்சது பக்கத்துக் கூடாரத்து அக்கா. அவாவுக்கு நன்றி. உயிரைக் காப்பாத்தினதுக்கு நான் ஒருத்தருக்கும் நன்றி சொல்லமாட்டன். அது என்ர உயிர். எனக்குத் தாறதுக்கு அது ஒருத்தரிட்டயும் இருக்கேல்லை."

 அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைச் சரி செய்தார்.  பிறகு சிங்களத்தில் இரண்டே வரி சொன்னார். அதிகாரி தலையை ஆட்டினார். துண்டில் முத்திரை விழுந்தது. டக்.

வெளியே வந்த பிறகு எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்து அக்கா சொன்னார். அவருக்குச் சிங்களம் தெரியும். அவர் எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர். "அந்த ஐயா என்ன சொன்னவர் தெரியுமோ? இந்தப் பெண் உங்கட ஆமிப் பெடியன் ஒருத்தனுக்கு நன்றி சொல்லுறா, காயம் கட்டித் தண்ணி தந்தவனாம். மிச்சம் அழுகையில விளங்கேல்லை எண்டு சொன்னவர்."

நான் அழவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. என் சொல்லை வெட்டிவிட்டார் என்று பூமணியிடம் கத்தினேன். பூமணி சிரித்தார். களப்பைக் கடந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

"வெட்டாமல் சட்டை தைக்கேலாது, மச்சாள். இண்டைக்கு அவர்தான்."

அந்த மொழிபெயர்ப்பாளரின் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

வவுனியாவில் துளசியின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் மணிக்கட்டோடு போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். அவருடைய பெயரையும் அன்று சொன்னோம்.

ஆடி மாதம். புதன்கிழமை. காலை ஒன்பது மணி. கூடார வரிசைக்குள் ஒரு வாகனம் வந்தது. சிவில் உடுப்பில் இருவர். ஒரு பட்டியல். பூமணியின் பெயரை வாசித்தார்கள். காலைப் பற்றிக் கேட்க வேண்டுமாம். எப்படிப் போனது, எங்கே போனது. கால் இல்லாதவர்கள் எல்லோரையும் அவர்கள் சண்டை பிடித்தவர்களாகத்தான் பார்த்தார்கள். பூமணி தையல்காரி. சேலையில் பை தைத்தவர். நான் சொன்னேன். பக்கத்து அக்காவும் சொன்னார். அந்த வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் வெளியே வந்து சொன்னார்கள்.

"பின்னேரம் கொண்டுவந்து விடுவம்," என்றார்கள்.

பூமணி தடியை எடுத்தார். அவர்கள் கையைப் பிடிக்க வந்தபோது தட்டிவிட்டார். தானே ஏறினார். "மத்தியானச் சோறு மூடி வையுங்கோ," என்று எனக்குச் சொன்னார். வாகனத்தின் கதவு சாத்திய சத்தம் இரண்டு முறை கேட்டது. முதல் முறை சரியாகப் பூட்டவில்லை.

பின்னேரம் வரவில்லை. அடுத்த நாள் வரவில்லை. முகாம் அலுவலகத்தில் கேட்டேன். அப்படி ஒரு வாகனமே வரவில்லை என்றார்கள். வரிசைப் பெண்கள் பதினான்கு பேர் என்னோடு வந்து, வந்தது என்று சொன்னார்கள். அன்று பின்னேரம் பதினான்கு பேரின் பெயர்களையும் சொன்னேன். சொல்லி முடிக்க இருட்டிவிட்டது.

துளசி பல நாள் பதில் சொல்லவில்லை. நான் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் தானாகச் சொன்னாள். மர நிழல் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அவளுடைய கொப்பியை அசையாமல் பிடித்துத் தந்ததாம். இரண்டு விரல் இல்லாத கையால் பிடித்தால் கொப்பி வழுக்கும். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னாள்.

பிறகு ஊருக்கு வந்தோம். மனம் ஆற்றுகிற கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். படங்கள் வரைந்த மட்டைகள் காட்டினார்கள். ஒரு நாள் ஒரு இளம் அதிகாரி நல்ல மனத்தோடுதான் சொன்னார். "இருக்கிறதை நினைச்சுச் சந்தோசப்படுங்கோ, அம்மா. மச்சாளுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தீங்கள் எண்டால் உங்களுக்கும் மனம் ஆறும்." நான் கேட்டேன். "தம்பி, இருக்கிறதை ஆர் தந்தவை எண்டு நான் ஒவ்வொரு நாளும் சொல்லுறன். இல்லாததை ஆர் எடுத்தவை எண்டு நீங்கள் ஒரு நாளைக்குச் சொல்லுவியளோ?" அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்தார்.

நன்றி சொல்கிறவர்கள் மறந்துவிடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் இத்தனை பெயர்களையும் சத்தங்களையும் நினைவில் வைத்திருப்பது நன்றி சொன்னபடியால்தான். தந்தவரின் முகத்தை நினைத்தால் அந்த நாள் முழுதாக வரும். எடுத்தவர்களும் அதே நாளில்தான் நிற்கிறார்கள்.

இழந்தவற்றை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்குள் மட்டும்.

வட்டக்கச்சியில் கல்வீடு ஒன்று. கூரையும் கதவுகளும் யன்னல்களும். மூன்று ஏக்கர் நெல், குடலைப் பருவத்தில். இரண்டு பசு, ஒரு கன்று. உழவு இயந்திரம் ஒன்று. அதன் திறப்பு மாத்தளன் மணலுக்குள், அவருடைய சேட் பையில். கைத்தையல் மெசின் ஒன்று. கூறைச் சேலை ஒன்று. பொய்க்கால் ஒன்று, களப்பில். என் மகளின் விரல் இரண்டு, இடது கையில்.

சிவராசா. என் கணவர். நாற்பது வயது. மூன்று வடலிகளுக்குக் கிழக்கே புதைத்தோம். பிறகு போய்ப் பார்த்தேன். வடலிகள் இல்லை. இடம் பிடிபடவில்லை.

பூமணி. என் மச்சாள். முப்பது வயது. படிவத்தில் காணாமல் போனவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நான் புள்ளடி போடவில்லை. அவர் காணாமல் போகவில்லை. காலை ஒன்பது மணிக்கு, பதினான்கு பெண்களும் என் மகளும் நானும் பார்த்துக்கொண்டிருக்க, கொண்டுபோனார்கள். அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

மொத்தம் இரண்டு பேர். ஒருவர் இறந்தார். மற்றவரைத் திருப்பித் தர வேண்டும்.